15,000 ரூபாய் இன்டர்கூலரும் ஒரு லட்ச ரூபாய் இன்டர்கூலரும்

ஒரே அளவு, ஒரே வெள்ளி நிறம், ஒரே மாதிரி குழாய் வாய். இன்டர்கூலர் என்பது, டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை இன்ஜினுக்குள் போகும் முன் குளிர்விக்கும் பெட்டி. பட்டறைத் தரையில் இரண்டு இன்டர்கூலரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால், எது 15,000, எது ஒரு லட்சம் என்று சொல்வது கஷ்டம். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் எனக்கும் சட்டென்று தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஒன்று அறுத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் சித்திரை வெயிலில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற வேண்டும். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

என் கார் மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல். கம்பெனிக் கணக்கில் 180 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க். அதோடு வரும் இன்டர்கூலர், நடுவில் சூட்டை இறக்கும் அலுமினிய கோர், இரு முனையிலும் குழாயோடு சேரும் பிளாஸ்டிக் எண்ட் டேங்க் என்ற வகை. ரேடியேட்டரோடும் ஏசி கண்டன்சரோடும் ஒட்டி அடுக்கியிருப்பார்கள். அலுவலகம், வீடு, மாதம் ஒருமுறை ஊர் என்று ஓட்டுபவருக்கு அது தாராளம். ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி) பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, ஏற்றிய பிறகுதான் இந்தக் கேள்வியே வருகிறது: பெயர் பெற்றதை வாங்குவதா, விலை குறைந்ததை வாங்குவதா?

முதலில் கொஞ்சம் கணக்கு. வெளியே 35 டிகிரி. டர்போ காற்றை அழுத்தி ஒரு பார் பூஸ்ட் கொடுக்கிறது. அதாவது காற்றழுத்தம் இரண்டு மடங்கு. அழுத்தினாலே காற்று சூடாகும், சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். டர்போவின் கம்ப்ரஸர் 72 சதவீதத் திறனோடு வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று சுமார் 129 டிகிரியில் இருக்கும். அப்படியே சிலிண்டருக்குள் போனால் இன்ஜின் நாக் அடிக்கும், அதாவது எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்கும். இந்தச் சூட்டில் எவ்வளவை வெளிக்காற்றுக்குத் தள்ளிவிடுகிறது என்பதை வைத்துத்தான் இன்டர்கூலருக்கு மார்க் போட வேண்டும்.

கடைக்காரர்கள் எல்லோரும் இந்த ஒரு மார்க்கைப் பற்றித்தான் பேசுவார்கள். இன்னொன்றைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்: கோருக்குள் நுழைந்து வெளியேறுவதற்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தை இழக்கிறது? விலை குறைந்தவை பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

நல்ல கோரில் 0.1 பார் இழப்பு என்று வைப்போம். இன்ஜினுக்கு ஒரு பார் கிடைக்க டர்போ 1.1 பார் செய்ய வேண்டும், காற்று 136 டிகிரியில் கிளம்பும். மோசமான கோரில் 0.3 பார் இழப்பு என்றால் டர்போ 1.3 பார் வரை மூச்சுப் பிடிக்க வேண்டும், காற்று 150 டிகிரியில் கிளம்பும். குளிர்விக்க வேண்டிய பெட்டியே 14 டிகிரி கூடுதல் சூட்டை உண்டாக்கிவிட்டு, பிறகு அதையும் சேர்த்துக் குளிர்விக்கப் பார்க்கிறது. முதல் கோர் சூட்டில் 80 சதவீதத்தை இறக்கினால் இன்ஜினுக்குப் போவது 55 டிகிரி காற்று. இரண்டாவது 65 சதவீதம்தான் இறக்கும் என்றால் 75 டிகிரி. இந்த 20 டிகிரி வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 சதவீதம் மாறும். அதோடு போவதில்லை. உள்ளே வரும் காற்று சூடு என்று சென்சார் சொன்னதும் ஈசியூ எனும் இன்ஜின் கம்ப்யூட்டர், பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், சக்தி குறையும். ரீமேப்புக்குக் கொடுத்த காசில் பாதி அங்கே ஆவியாகும்.

இவை ஏட்டுக் கணக்கு, உங்கள் காரில் எண்கள் மாறும். ஆனால் திசை மாறாது.

சரி, அறுத்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது? நான் முதலில் வாங்கியது விலை குறைந்த ரகம். எந்தக் கடை, எந்தப் பெயர் என்பதை விடுங்கள். அதே பொருள் ஏழெட்டுப் பெயர்களில் விற்கிறது. ஒரு வருடம் ஓட்டிவிட்டுக் கழற்றி, எங்கள் ரேடியேட்டர் பட்டறை அண்ணனிடம் கொடுத்து கிரைண்டரில் குறுக்காக அறுக்கச் சொன்னேன். வெளிக்காற்று போகும் பக்கம், சூட்டைக் கடத்தும் மெல்லிய தகடுகளான ஃபின்கள் நெருக்கமாக, பார்க்க அழகாக இருந்தன. டர்போ காற்று போகும் உள்பக்கத்தில் ஃபின்கள் நேர்க்கோட்டில், இடைவெளி விட்டு, ஏதோ பேருக்கு வைத்ததுபோல் நின்றன. சில இடங்களில் ஃபின் தட்டோடு ஒட்டவே இல்லை, விரல் நகத்தால் நகர்த்த முடிந்தது. "வெளியில பட்டு வேட்டி, உள்ள கோமணம் தம்பி" என்றார் அண்ணன்.

ஒட்டாத ஃபினால் பயன் இல்லை. கோரை மொத்தமாக உலையில் வைத்து, தட்டுகளின் மேலுள்ள மெல்லிய உலோகப் பூச்சு உருகி எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்படிதான் இதைச் செய்கிறார்கள். உலைச் சூடோ, நேரமோ, சுத்தமோ கொஞ்சம் பிசகினால் பிடிப்பு வராது. ஃபின் தட்டைத் தொடாத இடத்தில் சூடு கடக்க வழியில்லை. நல்ல கம்பெனிகள் உள் ஃபின்களை வரிசைக்கு வரிசை தள்ளித் தள்ளி அமைப்பார்கள். காற்று ஒவ்வொரு வரிசையிலும் முட்டிப் புரண்டு உலோகத்தைத் தொட்டுக்கொண்டே போகும். ஃபின்னை அளவுக்கு மீறி நெருக்கினால் அழுத்தம் இழக்கும், தளர்த்தினால் சூடு இறங்காது. இந்தச் சமநிலையைக் கண்டுபிடிக்கச் சோதனைக் கூடம் வேண்டும், பத்துப் பதினைந்து மாதிரி செய்து தூக்கிப்போட மனசு வேண்டும். கூடுதல் விலையில் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது. ஸ்வீடனின் டூ88 போன்றவர்கள் தங்கள் பொருளைக் கம்பெனி இன்டர்கூலரோடு ஒப்பிட்டு, குளிர்விப்பும் அழுத்த இழப்பும் எவ்வளவு என்று வெளியிடுகிறார்கள். வாங்கும் முன் நான் தேடுவது அந்தத் தாளைத்தான். ஜெர்மனியின் வாக்னர், இங்கிலாந்தின் ஃபோர்ஜ் போன்றவர்களுக்கும் ஆக்டேவியாவின் அடிக்கட்டமைப்பில் வரும் கார்களில் நல்ல பெயர். மேட் இன் சைனா என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. பெயருள்ள சிலரும் அங்கேதான் செய்கிறார்கள். என்ன தரம் கேட்டுச் செய்ய வைக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

எண்ட் டேங்க்கிலும் வித்தியாசம் இருக்கிறது. விலை குறைந்ததில் தகட்டை மடக்கிப் பெட்டி மாதிரி செய்து குழாயை நேராகக் குத்தியிருப்பார்கள். காற்று குழாய்க்கு எதிரே உள்ள சில வரிசைகளில் மட்டும் பாயும், மூலையில் இருக்கும் வரிசைகள் சும்மா இருக்கும். பத்து வழிச் சுங்கச்சாவடியில் மூன்று வழிதான் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமானதில் வார்ப்பு டேங்க், உள்ளே வளைவு, சிலவற்றில் காற்றைப் பங்கு போடும் தடுப்பும் உண்டு. என்னுடையதில் இன்னொரு பரிசும் இருந்தது: டேங்க்குக்குள் மிளகு அளவு வெல்டிங் உருண்டைகள் இரண்டு. பொருத்தும் முன் குலுக்கிப் பார்த்ததால் தப்பித்தேன். அவற்றில் ஒன்று கழன்று இன்ஜினுக்குள் போயிருந்தால் மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு?

விலை குறைந்ததற்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பட்டைகளையும் தட்டுகளையும் அடுக்கிச் செய்யும் பார் அண்ட் பிளேட் வகை கோர் கனமானது, நிறைய அலுமினியம். மட்டமான கோராக இருந்தாலும் அந்த எடை கொஞ்ச நேரம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அவிநாசி சாலையில் ஒரு லாரியை முந்த ஐந்தாறு விநாடி மிதிக்கிறீர்கள், பிறகு விட்டுவிடுகிறீர்கள். அந்த ஐந்தாறு விநாடிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். "புரோ, நான் சீப்பானதுதான் போட்டேன், சூப்பரா இருக்கு" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் ஓட்டம் அவ்வளவுதான்.

வால்பாறை ஏற்றத்தில் கதை வேறு. 40 கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது மூன்றாவது கியர், கால் பாதிக்கு மேல் ஆக்ஸிலரேட்டரில், வேகமோ முப்பது நாற்பது. பூஸ்ட் தொடர்ந்து இருக்கிறது, முன்னால் வரும் காற்று குறைவு. கோர் சூட்டில் ஊறிவிட்டால் ஆற நேரமே கிடைக்காது. இன்ஜின் சென்சார் எண்களைப் போனில் காட்டும் ஓபிடி டாங்கிளை மாட்டி உள்காற்றுச் சூட்டைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். விலை குறைந்தது ஏறிய சூட்டிலிருந்து இறங்கவே இல்லை, வியூ பாயின்ட்டில் நிறுத்தி டீ குடித்த பிறகும் வண்டி மந்தமாகத்தான் கிளம்பியது. அதே ஏற்றத்தில் நண்பர் ஒருவரின் விஆர்எஸ் (ஆக்டேவியாவின் சக்தி கூடிய ரகம்), பெயர் பெற்ற கோர் போட்டது, ஒவ்வொரு வளைவுக்கு அப்புறமும் கொஞ்சம் நேர்ச்சாலை கிடைத்ததும் மூச்சு வாங்கி இறங்கியது. இரண்டு கார், இரண்டு டர்போ. கறாரான ஒப்பீடு அல்ல. ஆனாலும் போக்கு தெரிந்தது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் நான்கு சுற்றுக்கு மேல் ஓட்டுபவர்களுக்கும் இதே நிலைதான்.

பெரிது வாங்கினால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தடிமனான கோரை முன்னால் நிறுத்தினால் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். சென்னை நெரிசலில் ஏசி குளிர் குறைந்து, ஃபேன் ஓயாமல் சுற்றும். என்னுடையதில் பிராக்கெட் ஒரு விரல்கடை தள்ளியிருந்தது; பம்பருக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் செதுக்கித்தான் உட்கார வைத்தோம். அந்த ஒரு நாள் கூலி, புது சிலிக்கோன் ஹோஸ், கிளாம்ப் எல்லாம் கூட்டினால் 15,000 எங்கோ போய் நின்றது. பெயர் பெற்றதிலும் மறைந்த செலவு உண்டு. வெளிநாட்டில் அறுநூறு யூரோவிலிருந்து ஆயிரம் யூரோ வரை என்றால், கப்பல் கூலி, சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் ஏறிய பிறகுதான் அது கைக்கு வரும். ஆனால் பிராக்கெட் கம்பெனித் துளையில் சரியாக உட்காரும்.

பழையது கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பெயர் பெற்றது பாதி விலைக்கு வந்தால் ஆசையாகத்தான் இருக்கும். எந்த வண்டியிலிருந்து, ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். டர்போ உடைந்த வண்டியின் இன்டர்கூலர் என்றால் ஓசிக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உடைந்த துணுக்குகள் ஃபின் இடுக்கில் சிக்கிக்கொண்டு, எத்தனை முறை கழுவினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இது. கம்பெனி டியூனில் ஓடும் பெட்ரோல், டீசல் எதுவானாலும் இரண்டும் வேண்டாம். பூஸ்ட் குறைகிறது, டீசலில் கரும்புகை வருகிறது என்றால் பெரும்பாலும் ஹோஸ் கிழிந்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் டேங்க் சேரும் இடத்தில் கசியும். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் கசியும் இடம் குமிழியில் தெரியும்; கிளாம்ப் மட்டும் என்றால் சில நூறு ரூபாயில் விஷயம் முடியும். என்னைப்போல் 1.8 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அதோடு வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்கும் டார்க் வரம்பே 250 நியூட்டன் மீட்டர். ரீமேப்பில் அதை மீறிவிட்டு இன்டர்கூலருக்கு லட்சம் கொட்டுவது, கூரை ஒழுகும் வீட்டில் டைல்ஸ் மாற்றுவது மாதிரி. விஆர்எஸ்ஸில் வேறு கியர்பாக்ஸ், அங்கே லட்சத்துக்கு அர்த்தம் உண்டு. மலையோ டிராக்கோ அடிக்கடி போகிறவர், ரீமேப்பும் செய்தவர் என்றால் பெயர் பெற்றதை வாங்குங்கள், இல்லையென்றால் சேர்த்து வைத்துப் பிறகு வாங்குங்கள். நடுவில் விலை குறைந்ததை வாங்கி இரண்டு முறை செலவழிக்க வேண்டாம்; நான் அதைத்தான் செய்தேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, கோயம்புத்தூரில் இருப்பதால் எனக்குத் தோன்றியது. கேரட் (Garrett) போன்ற டர்போ கம்பெனிகள் டேங்க் இல்லாத வெறும் கோரை, இத்தனை குதிரைத்திறனுக்கு இது என்று அளவு சொல்லி விற்கின்றன. கஷ்டமான வேலை கோருக்குள்தான், அது நல்ல உலையிலிருந்து வந்துவிடும். டேங்க் செய்வது தகடும் ஆர்கான் வெல்டிங்கும் தெரிந்த கைக்குச் சாதாரண வேலை, அந்தக் கைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பழைய இன்டர்கூலரை அளவுக்குக் கொடுத்து, மூலைகளை வளைவாகச் செய்யச் சொல்லி, முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியில் முக்கி இரண்டு பார் காற்று அடித்துக் குமிழி பார்த்து வாங்கினேன். உள்ளே பெட்ரோல் ஊற்றிக் கழுவி, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பொடி எதுவும் வரவில்லை என்று ஆன பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். செலவு இரண்டுக்கும் நடுவில் நின்றது. கியர்பாக்ஸ் பயத்தில் டியூனைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன், அது வேறு கதை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்டால் பதில் கையில் இருக்கட்டும், கழற்றிய கம்பெனி இன்டர்கூலரைப் பழைய இரும்புக்குப் போடாமல் பரணில் வையுங்கள்.

அறுத்த பாதி இன்னும் அண்ணன் பட்டறை மேசையில்தான் கிடக்கிறது. படத்தைக் காட்டி "அண்ணே, இது நல்லா இருக்குமா?" என்று கேட்டு வரும் பையன்களிடம் அவர் பதில் சொல்வதில்லை, அதை எடுத்து நீட்டுகிறார். அவர்கள் ஃபின்னை நகத்தால் ஒருமுறை தள்ளிப் பார்க்கிறார்கள். பாதிப் பேர் அதையும் மீறி வாங்கத்தான் செய்கிறார்கள்.