அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கருந்திட்டு: லேசருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

உடம்பில் எங்காவது வட்டமாக ஒரு கருந்திட்டு இருந்து, அது அவ்வப்போது சிவந்து எரிந்து, பிறகு அடங்கி, முன்பைவிடக் கறுத்துப்போகிறது என்றால் எந்த கிளினிக்கிலும் அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள். சிவந்த அன்றோ அதற்கு முந்தைய நாளோ என்ன மாத்திரை போட்டீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள், அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். இந்த ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை, அதற்குள் ஒரு லேசர் பேக்கேஜையே என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மாதவிலக்கு நாட்களில் எனக்குக் கடுமையான வயிற்றுவலி வரும், மெஃபெனாமிக் ஆசிட் மாத்திரை போட்டால்தான் எழுந்து நடமாடவே முடியும். அந்த நாட்களில்தான் வலது மணிக்கட்டில் ஒரு வட்டம் கிளம்பும். ஊதா கலந்த சிவப்பு, ஓரம் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி அவ்வளவு தெளிவு, அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம், ஒருமுறை நடுவில் கொப்புளமும் வந்தது. பிறகு காய்ந்து உதிர்ந்து, அடர் பழுப்பில் கறை மட்டும் நிற்கும். கொஞ்ச காலத்தில் மேலுதட்டிலும் அதே போல இன்னொன்று. கையில் வந்ததைப் பூஞ்சைத் தொற்று என்று ஒருவர் களிம்பு கொடுத்தார், உதட்டில் வந்ததை ஹெர்பிஸ் என்று இன்னொருவர் வேறு களிம்பு கொடுத்தார். இரண்டும் ஒரே சங்கதியாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம்தான் அந்த அழகு கிளினிக். மாதாமாதம் வருகிறது என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே, "ஹார்மோன் பிரச்சினை மேடம், இது பிக்மெண்டேஷன்", அதாவது தோலில் நிறமி கூடிப்போனது, என்று தீர்ப்பு வந்துவிட்டது. சொன்னவர் மருத்துவர் இல்லை, 'ஆலோசகர்'. மருத்துவர் என்று ஒருவர் வந்து கையைத் தூரத்திலிருந்து பார்த்துத் தலையசைத்ததோடு சரி. லேசர், பீல் (ரசாயனம் பூசி மேல்தோலை உரிப்பது), கூடவே பெயரே இல்லாத வெள்ளை டப்பாவில் ஒரு க்ரீம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் "எங்கள் சொந்த ஃபார்முலா" என்றார்கள். கறையை வெளுக்க வைக்கும் க்ரீம்களில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்ப்பது சகஜம், அதை மருத்துவர் கண்காணிப்பில் குறைந்த காலத்துக்குத்தான் போட வேண்டும், இஷ்டத்துக்குப் பூசிக்கொண்டே போனால் தோல் மெலிந்துவிடும். அப்படியிருக்க, பெயர் இல்லாத டப்பாவை எந்த தைரியத்தில் விற்கிறார்களோ!

ஒவ்வொரு மாதமும் திட்டு இன்னும் கறுத்தது. "ஆரம்பத்தில் கறுத்துத்தான் வெளுக்கும்" என்று சொல்லி மேலும் சில சிட்டிங்குகளைச் சேர்க்கப் பார்த்தார்கள்.

கடைசியில் வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். திட்டின் ஓரத்தை விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே, "வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" கைப்பையில் இருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன். அதே மருந்தைக் களிம்பில் கலந்து பழைய திட்டின் மேல் கொஞ்சம், முதுகில் சுத்தமான இடத்தில் கொஞ்சம் வைத்து ஒட்டி அனுப்பினார். மறுநாள் பிரித்துப் பார்த்தால் முதுகில் ஒன்றும் இல்லை, திட்டு மட்டும் சிவந்து தடித்திருந்தது.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரும் இந்தத் திட்டுக்கு ஃபிக்ஸ்டு டிரக் எரப்ஷன் என்று பெயர். புது நோயும் இல்லை, 1894-லேயே புரோக் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஆன்டிபைரின் என்ற வலி மருந்தால் வருவதை விவரித்திருக்கிறார். முதல்முறை வந்த இடத்தில் அந்த மருந்தை ஞாபகம் வைத்திருக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் தோலிலேயே தங்கிவிடுகின்றன, மருந்து மறுபடி உள்ளே போனதும் சில மணி நேரத்தில், சிலருக்கு ஒன்றிரண்டு நாளில், அங்கேயே தாக்குகின்றன. சேதமான செல்களின் நிறமி தோலின் அடியடுக்கில் இறங்கித் தேங்குவதுதான் அந்தக் கறை. மாத்திரையை நிறுத்தாமல் லேசர் அடித்தால் மேலே அழிக்க அழிக்கக் கீழே புதிது சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

மெஃபெனாமிக் ஆசிட் மட்டும் இல்லை, இபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், பாராசிட்டமால், ஆன்டிபயாடிக்குகளில் கோட்ரைமாக்சசோல், டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல் எல்லாமே இதைச் செய்யக்கூடியவை. பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலும் பட்டியலில் உண்டு, வேடிக்கைதான். பிறப்புறுப்பிலும் வரும், அங்கே வந்தால் பால்வினை நோய் என்று சந்தேகப்பட்டு வீட்டில் சண்டையே நடக்கிறது. அதே மருந்தைத் தொடர்ந்தால் திட்டுகள் எண்ணிக்கையில் கூடலாம், அரிதாக உடம்பெங்கும் கொப்புளமாகவும் பரவலாம். பிராண்டு பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், கூட்டு மாத்திரைகளில் இதே மருந்து வேறு பெயரில் இருக்கும், அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

இது வேறு, காய்ச்சலோடு வாயிலும் கண்ணிலும் புண் வந்து தோல் வலித்து உரிவது வேறு. அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற, பெரும்பாலும் மருந்தால் வரும், உயிருக்கே ஆபத்தான நோயாக இருக்கலாம், புது மருந்து ஆரம்பித்து பெரும்பாலும் 4 முதல் 28 நாளுக்குள் வரும், அங்கே ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

எனக்கு மாத்திரையை மாற்றியபின் மணிக்கட்டு ஒருமுறைகூடச் சிவக்கவில்லை, கறையும் மெதுவாக மங்குகிறது. மருத்துவர் எழுதிய சீட்டோடு கிளினிக்குக்குப் போய் மீதிப் பணத்தைக் கேட்டேன். பணம் திரும்பத் தரும் வழக்கம் இல்லையாம், வேண்டுமானால் மீதி சிட்டிங்குகளை முடி அகற்றும் லேசருக்கு மாற்றிக்கொள்ளலாமாம்.