பெல்ட்டா, பேரிங்கா, முழு ஆல்டர்னேட்டரா? ஒரு பழைய காரின் கீச்சுச் சத்தம்

முட்டத்தில் மாமனார் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால் போதும், மறுநாள் காலையில் எங்கள் கார் கத்தும். சாவியைத் திருப்பியதும் ‘கிறீச் கிறீச்’ என்று ஆரம்பித்து, மேட்டில் ஏறிப் பெரிய சாலையைப் பிடிப்பதற்குள் தேய்ந்து காணாமல் போய்விடும். நாகர்கோவிலில் எங்கள் வாசலில் நிற்கும்போது ஒரு முனகல்கூடக் கிடையாது. ஜூன் மாதச் சாரல் தொடங்கியதும் சத்தம் வலுத்தது. அலாரம் வைக்கும் வேலை மிச்சம் என்றார் மாமனார்.

வண்டி 2004-இல் பதிவானது. ஒரு காலத்தில் தெருவுக்கு நான்கு நின்ற சின்னப் பெட்ரோல் கார்களில் ஒன்று. பதினைந்து ஆண்டு முடிந்தபோது ஒருமுறை, 2024-இல் மறுமுறை என்று பதிவைப் புதுப்பித்தாயிற்று. விற்கப் போனால் நல்ல நிலையிலுள்ள பழைய ஸ்கூட்டரின் விலை கிடைக்கலாம். ஆகவே செலவழிக்க மனம் வந்தாலும் கணக்கு வராது. இந்த நிலையில் எனக்கு மூன்று வழிகள் சொல்லப்பட்டன. இரண்டைச் செய்து பார்த்தேன், ஒன்றை விசாரித்ததோடு விட்டேன்.

விசாரித்ததோடு விட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய சர்வீஸ் சென்டர் அது. நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் இன்ஜின் சூடாகி, கார் சாதுவாக நின்றது. கேட்காத சத்தத்துக்கு என்ன வைத்தியம் செய்வது? பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரை முழுதாக மாற்றுவது, இரண்டு பெல்ட்டையும் மாற்றுவது என்று மதிப்பீட்டுத் தாள் ஒன்று கொடுத்தார்கள். பதினோராயிரத்தைத் தாண்டியது. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. புதிய பொருள், ரசீது, உத்தரவாதம் எல்லாம் உண்டு. வண்டி புதியதாக இருந்தால், அல்லது தினமும் திருவனந்தபுரம் போய்வருகிற ஆளாக இருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இரண்டாவது வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பெல்ட்டை மாற்று, இறுக்கிக் கட்டு. நம் ஊரில் இன்னமும் அதை ஃபேன் பெல்ட் என்றுதான் கேட்கிறோம். இந்த வண்டியில் ரேடியேட்டர் விசிறிக்குத் தனி மோட்டார் இருக்கிறது. பெல்ட் சுற்றுவது ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் நண்பர், “எங்கள் ரப்பரா இப்படிக் கத்துகிறது?” என்று கேட்டார். இல்லை, கார் பெல்ட் பெரும்பாலும் செயற்கை ரப்பர். அவருடைய மரங்கள்மேல் பழி இல்லை.

தக்கலையில் ஒரு கடையில் பெல்ட் வாங்கி அங்கேயே மாட்டினேன். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய், அரை மணி நேரம். பழைய பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்ததால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்றே நினைத்தேன். மாட்டிய பையனிடம், “இன்னும் கொஞ்சம் இறுக்கப்பா, இனிமேல் சத்தமே வரக்கூடாது” என்று சொன்னது நான்தான். அவன் நெம்புகோலைப் போட்டு ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் தள்ளி, போல்ட்டை முடுக்கினான். சத்தம் நின்றது. பதினோரு நாள் நின்றது. பன்னிரண்டாம் நாள் முட்டத்தில் திரும்பி வந்தபோது கீச்சோடு ஓர் உறுமலும் சேர்ந்திருந்தது.

அதன் பிறகுதான் வடசேரிப் பக்கம் பல காலமாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்ட கேள்வி, “ராத்திரி வண்டி எங்கே கிடந்தது, தம்பி?” முட்டம் என்றதும், “அப்படியானால் நாளைக் காலையில் அங்கிருந்தே எடுத்துக்கொண்டு வா. வரும் வழியில் எங்கேயும் நிறுத்தாதே” என்றார். அப்படியே செய்தும் வடசேரி வரும்போது சத்தம் அடங்கிவிட்டது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. மதியம்வரை ஆறவிட்டு, பிறகு கிளப்பச் சொன்னார். கத்தியது.

அவர் செய்தது இதுதான். கிளட்ச்சை மிதிக்கச் சொன்னார். சத்தம் மாறவில்லை. அதனால் கிளட்ச்சின் பேரிங், அதாவது அச்சை இலகுவாகச் சுற்ற வைக்கும் குண்டு வளையம், பட்டியலிலிருந்து விலகியது. ஒரு பழைய தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் துளை போட்டு வைத்திருந்தார். அதைக்கொண்டு ஓடும் பெல்ட்டின்மேல் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினார். சத்தம் கொஞ்ச நேரம் நின்று திரும்பினால் பெல்ட் மழுங்கியிருக்கலாம், அல்லது பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. எங்கள் வண்டியில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கிளப்பினார். நிசப்தம். கால் நிமிடத்தில் அணைத்துவிட்டார். பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்பு சுற்றாது, அதனால் நீளமாக ஓட்டக்கூடாது. வீட்டில் முயல்வோருக்கு ஒரு வார்த்தை: கழற்றுவது இந்த வெளிப் பெல்ட்டை மட்டும். மூடிக்குள் இருந்து இன்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டில் கை வைக்க வேண்டாம். ஓடும் இன்ஜின்மேல் குனியும்போது தோளில் துண்டும் வேண்டாம்.

கடைசியில் புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்த்தார். வாட்டர் பம்பு புல்லி வெண்ணெயில் சுற்றுவது போல ஓசையின்றிச் சுற்றியது. அதன் அடியில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிந்த தடமும் இல்லை. “இப்போது நீ சுற்றிப் பார்” என்று ஆல்டர்னேட்டர் புல்லியை என்னிடம் விட்டார். இரண்டு விரலுக்கு நடுவே கடற்கரை மணலை வைத்துத் தேய்த்தது போல ஒரு நரநரப்பு உள்ளேயிருந்து விரலுக்கு ஏறியது. முன்பக்கப் பேரிங். கழற்றியபோது அதன் கிரீஸ் காய்ந்து, காப்பித்தூள் நிறத்தில் உதிர்ந்தது.

மூன்று வழிகளில் நான் சாய்வது பேரிங்கை மட்டும் மாற்றும் இந்த மூன்றாவதன் பக்கம்தான். மலிவு என்பதால் மட்டும் இல்லை. பேரிங் இரண்டும் கூலியும் சேர்த்து ஆயிரத்துச் சில்லறை ஆயிற்று, உண்மைதான். எனக்கு முடிவைத் தீர்மானித்தது பெல்ட்டின் இறுக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பும் அங்கேதான் இருக்கிறது.

ஆல்டர்னேட்டரின் புல்லி சின்னது. அதனால் இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றும்போது அது இரண்டு, மூன்று சுற்றுச் சுற்றும். நாம் சாலையில் இன்ஜினை 3000 சுற்றில் ஓட்டும்போது, அந்தச் சின்ன உருளை நிமிடத்துக்கு ஆறாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடையே பறந்துகொண்டிருக்கிறது. பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் அந்த அச்சைப் பக்கவாட்டில் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறோம். பாரம் முழுதும் புல்லியை ஒட்டியுள்ள முன்பேரிங்கின் தலையில் விழும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் இழுக்கிறது. பம்பின் பேரிங்கும் சீலும் போனால் கூலண்ட் ஒழுகும், இன்ஜின் கொதிக்கும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றும் வேலையில் போய் நிற்கும். பல இன்ஜின்களில் பம்பை மாற்ற டைமிங் பெல்ட்டையும் பிரிக்க வேண்டும். நான் முந்நூறு ரூபாயில் வாங்கிய மௌனத்துக்கு இவ்வளவு நீண்ட வட்டி உண்டு. சத்தத்தை இறுக்கி அடக்குவதைவிட, அது கத்திக்கொண்டே இருப்பது வண்டிக்கு நல்லது.

இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் என்று வைத்தார். உங்கள் வண்டிக்கு அதன் கையேட்டில் உள்ள அளவே சரி. புதுப் பெல்ட் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் பதிந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். மாட்டிய அன்றே கம்பி போல இறுக்கி வைப்பது அந்த இரண்டாவது பார்வையைத் தவிர்க்கும் சோம்பல்தான். நானே அந்தச் சோம்பேறி.

பேரிங் முன்பே தேய்ந்திருந்ததா, நான் முடுக்கச் சொன்னதால் தேய்ந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. உறுமல் இறுக்கிய பிறகுதான் வந்தது. கீச்சு அதற்கு முன்பே இருந்தது. உறுமலில் எனக்கும் பங்கு இருக்கலாம்.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பேரிங் வாங்கும்போது பழையதன் விளிம்பில் பொறித்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். எங்களுடையதில் 6203 என்று இருந்தது. கடைசியில் 03 என்றால் உள்துளை 17 மில்லிமீட்டர். அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் பாருங்கள். ‘இசட் இசட்’ என்றால் இரு பக்கமும் தகர மூடி, நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். ‘டூ ஆர்எஸ்’ என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல், உள்வளையத்தை உரசி நிற்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. குளச்சல், முட்டம், மணக்குடி என்று உப்புக்காற்றில் ராத்திரி தங்கும் வண்டிக்கு எந்தப் பெட்டியைக் கேட்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெல்ட் மாற்றுவதே தவறு என்று சொல்லவில்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் மாறினால், வெடிப்போ பளபளப்போ தெரிந்தால், பெல்ட்தான் சரியான, மலிவான விடை. சோப்பு தேய்ப்பது, எண்ணெய் விடுவது எல்லாம் பெல்ட்டைக் கெடுக்கும் வேலை. பேரிங் மட்டும் மாற்றியது எத்தனை ஆண்டு வரும் என்பதற்கு என்னிடம் ஒரு மழைக்கால அனுபவம்தான் உள்ளது. கார்பன் பிரஷ்ஷோ உள்ளே உள்ள மற்ற பாகங்களோ போனால் முழு ஆல்டர்னேட்டரே புத்திசாலித்தனமாக ஆகிவிடலாம். பவர் ஸ்டீயரிங், ஏசி எல்லாவற்றையும் ஒரே நீளப் பெல்ட்டில் கோத்த புதிய கார்களிலும் டீசல் வண்டிகளிலும் நான் கை வைத்ததில்லை.

போன வாரம் முட்டத்தில் காலையில் கிளப்பினேன். சத்தமில்லை. மாமனார் எட்டு மணிவரை தூங்கினார். ஏசியைப் போட்டால் மட்டும் வலது பக்கத்திலிருந்து லேசாக ஒரு ‘சிக்’ வருகிறது. அது இரண்டாவது பெல்ட். கடைக்குப் போகவில்லை. மூடியில் துளை போட்ட பாட்டில் ஒன்று டிக்கியில் இருக்கிறது.