காந்தத்தில் ஒட்டவில்லை என்று நம்பி இரண்டு பவுண் காசை இழந்தோம்

கொழும்பில் கல்யாண வீட்டுக்கு நகை சேர்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கி ஏமாந்த கதை இல்லை இது. காந்தம், தண்ணீர், தேசிக்காய்ப் புளி என்று வீட்டில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து, அதற்கு மேல் ஒரு பத்தரிடமும் காட்டி, எல்லோரும் எல்லாமும் தங்கம் என்று சொன்ன பிறகுதான் வாங்கினோம். வாங்கின அந்தச் சங்கிலி பித்தளை.

மகளுக்குத் தையில் கல்யாண நாள் வைத்திருக்கிறோம். சீட்டுக் காசு கையில் வந்திருந்தது. செட்டியார் தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினால் பவுண் விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து கணக்கு எங்கேயோ போய் நின்றது. அந்த நேரத்தில்தான் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் பழக்கமான ஓர் அம்மா கதை எடுத்தார். இரண்டு மாதப் பழக்கம், பக்கத்தில் இருந்து பூக்கட்டித் தருவார், என் மகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். மகன் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்ட வேண்டுமாம், தன்னுடைய கல்யாணச் சங்கிலி இரண்டு பவுண் இருக்கிறதாம். "கடையில போட்டா கழிச்சுத்தான் தருவாங்கள் தங்கச்சி, உங்களுக்குத் தந்தா ரெண்டு பேருக்கும் நல்லம்" என்றார். பழைய நகையைக் கடையில் கொடுத்தால் கழிவு போவது உண்மைதானே, அதனால் சந்தேகம் வரவில்லை. பவுணுக்கு 30,000 ரூபா குறைத்துச் சொன்னார். பாதி விலை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே விலகியிருப்பேன்.

முற்பணம்கூட வாங்காமல் சங்கிலியை என் கையில் தந்தார். "என்னை நம்ப வேண்டாம், ராத்திரி வீட்டில வச்சு நீங்களே சோதிச்சுப் பாருங்கோ" என்று அவரே சொன்னார். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். எந்தச் சோதனையில் அந்தச் சங்கிலி மாட்டாது என்று தெரிந்துதான் சோதிக்கச் சொன்னார்.

அன்றிரவு இவரும் நானும் குசினி மேசையில் போனை வைத்துப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தோம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் பலம் போதாது என்று பழைய ஸ்பீக்கரைக் கழற்றிப் பெரிய காந்தத்தை எடுத்தார். சங்கிலி அசையவே இல்லை. கிளாஸ் தண்ணீரில் போட்டோம், நேரே அடிக்குப் போனது. ஒரு தேசிக்காயைப் பிழிந்து சோசரில் ஊற்றிச் சங்கிலியை விடியும்வரை ஊற வைத்தோம். காலையில் கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை, அழுக்குப் போய் இன்னும் பளபளப்பாக இருந்தது. கொக்கியில் 22 கரட்டைக் குறிக்கும் 916 முத்திரை. சமையலறைத் தராசில் 16 கிராம், அதாவது சரியாக இரண்டு பவுண். இவ்வளவுக்குப் பிறகும் மனம் கேட்காமல் வீட்டுப் பக்கத்துப் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனோம். நின்ற நிலையிலேயே கொக்கியை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டு அசிட் வைத்துப் பார்த்து, "22 கரட், நல்ல சாமான்" என்றார். அன்று பின்னேரமே காசை எண்ணிக் கொடுத்துவிட்டோம். பில் கேட்கவில்லை, அடையாள அட்டையைப் பார்க்கவில்லை. கோயிலில் பழகின ஒருவரிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மண்டபத்துக்கு முற்பணம் கட்ட வேண்டி வந்தது. சங்கிலியை அடைவு வைத்துவிட்டுப் பிறகு மீட்கலாம் என்று வங்கிக்குப் போனேன். அடைவுப் பகுதியில் இருந்தவர் வயதானவர், அவசரப்படாதவர். முதலில் கொக்கியை உரைத்தார். பிறகு சங்கிலியைத் திருப்பி நடுப்பகுதியில் ஒரு வளையத்தைச் சின்ன அரத்தால் மெல்லத் தேய்த்துவிட்டு, தேய்த்த அந்த இடத்தைக் கொக்கியின் கோட்டுக்குப் பக்கத்திலேயே உரைத்தார். கறுப்புக் கல்லில் இரண்டு மஞ்சள் கோடு. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டின் மேலும் சேர்த்து அசிட்டைத் தடவினார். ஒரு கோடு அப்படியே நின்றது. மற்றது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து இல்லாமல் போய்விட்டது. "கொக்கி மட்டும்தான் தங்கம் அம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் கொக்கியைத்தான் உரைப்பார்கள் என்பதால் கொக்கியையும் அதை ஒட்டிய இரண்டு வளையத்தையும் நல்ல தங்கத்தில் செய்து, மிச்சத்தைப் பித்தளையில் செய்து, மேலே தடிப்பாகத் தங்க முலாம் பூசியிருக்கிறார்கள். பத்தர் சொன்னது பொய் இல்லை. அவர் தொட்ட இடம் தங்கம்தான்.

இப்போது ஒவ்வொன்றாக யோசித்தால் எனக்கே விளங்குகிறது. காந்தம் இழுப்பது முக்கியமாக இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்றவற்றைத்தான். பித்தளை, செம்பு, வெள்ளி எதுவும் ஒட்டாது, ஆகவே ஒட்டவில்லை என்பதற்காக அது தங்கம் ஆகிவிடாது. மறுபக்கம், நல்ல தங்கச் சங்கிலியிலும் கொக்கிக்குள் இரும்பு ஸ்பிரிங் இருந்தால் அந்த இடம் மட்டும் காந்தத்துக்கு அசையும், அதைப் பார்த்து நல்ல நகையைச் சந்தேகப்படவும் கூடாது. தண்ணீரில் தாழ்வது நகை செய்கிற எல்லா உலோகத்துக்கும் பொது. தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் பித்தளையைத் தொட்டால்தான் நிறம் மாறும், மேலே தங்க முலாம் முழுசாக இருந்தால் உள்ளே போகவே முடியாது. லைட்டரால் சுட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், அதன் புகைக்கரி எதிலும்தான் படியும், நல்ல தங்கமும் கறுத்த மாதிரித் தெரியும். தரை ஓட்டின் பின்பக்கத்தில் உரைத்தால் மஞ்சள் கோடு விழுந்தால் தங்கம் என்பார்கள், பித்தளையும் மஞ்சளாகத்தான் கோடு போடும், நகையில்தான் கீறல் மிச்சம். முத்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 916 என்று அடிக்கத் தேவை ஓர் அச்சு, அவ்வளவுதான். சங்கிலி முழுவதும் காந்தத்தில் ஒட்டினாலோ புளியில் நிறம் மாறினாலோ போலி என்று சந்தேகிக்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. நாங்கள் அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. சங்கிலியைக் கழுத்தில் போட்டுப் பார்த்த மகள், "அம்மா, ரெண்டு பவுணுக்கு இவ்வளவு மொத்தமா, நல்லா எடுப்பா இருக்கு" என்று சந்தோஷப்பட்டாள். பித்தளை தங்கத்தைப் போல அரைவாசிப் பாரம்தான். 16 கிராம் காட்ட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு பருமனாகச் செய்தே ஆக வேண்டும். அந்தப் பருமனைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

இதை வைத்துத்தான் அக்காவின் மகன் பிறகு ஒரு சோதனை செய்து காட்டினான். வீட்டில் செய்யக்கூடியதில் கொஞ்சமாவது பெறுமதியானது என்றால் இதுதான், அதனால் விபரமாக எழுதுகிறேன். ஒரு கிராம், இரண்டு கிராம் என்று தாவுகிற சமையல் தராசு சரிவராது, 0.01 கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் நகையை உலர்ந்தபடி நிறுக்க வேண்டும். பிறகு தராசில் ஒரு சின்னக் கிளாஸ் தண்ணீர் வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, நகையை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக அமிழும்படி கையில் தூக்கிப் பிடிக்க வேண்டும், அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் உதறிவிட வேண்டும். அப்போது தராசு காட்டுகிற எண்தான் நகை ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதால் வகுத்தால் வருவது உலோகத்தின் அடர்த்தி, 22 கரட்டுக்கு 17.7 பக்கமாக வரும், பித்தளைக்கு 8.5 பக்கம், செம்புக்கு 9, வெள்ளிக்கு 10.5. என் அம்மாவின் பழைய காப்பு 11.80 கிராம், தண்ணீரில் 0.67 காட்டியது, வகுத்தால் 17.6. அந்தச் சங்கிலி 15.90 கிராம், தண்ணீரில் 1.81. வகுத்துப் பார்த்தபோது 8.8 என்று வந்தது. ஐந்து நிமிட வேலை. காசு கொடுப்பதற்கு முதல் நாள் இரவு இதைச் செய்திருக்கலாமே என்று நினைக்க நினைக்க இன்றும் நெஞ்சு எரிகிறது.

இதுவும் எல்லாவற்றுக்கும் சரிவராது. கல் பதித்தது, உள்ளே அரக்கு வைத்தது, கூடான காப்பு, இதற்கெல்லாம் கணக்குப் பிழைக்கும். சுத்தத் தங்கக் கட்டி, நாணயம் என்று வந்தால் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி கிட்டத்தட்டத் தங்கத்தினுடையதே, அங்கே தண்ணீர் கைகொடுக்காது. அசிட் வாங்கி வீட்டில் சோதிக்கவும் வேண்டாம், அதில் இருப்பது நைட்ரிக் அமிலம் போன்ற கடும் அமிலம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் போத்தலே ஆபத்து.

வெளி ஆளிடம் பழைய நகை வாங்குவதென்றால் விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு, கரட் பார்க்கிற மெஷின் உள்ள இடத்துக்குப் போங்கள். கொக்கி, நடு, பென்டன் என்று மூன்று நான்கு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மெஷினும் மேற்பரப்பைத்தான் பார்க்கும், தடிப்பான முலாமில் அதுவும் ஏமாறலாம், அதனால் ஓர் இடத்தில் அரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் அதற்கு மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிலும் தங்கத்தின் தரத்தைப் பரிசோதித்துத் தருகிறார்கள். கடையில் வாங்கினால் எடையும் கரட்டும் கல்லின் எடையும் வேறு வேறாக எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். எங்களிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். அவர் தந்த போன் இலக்கம் வேலை செய்யவில்லை, சொன்ன விலாசத்தில் அப்படி யாருமே இல்லை, கோயில் பக்கமும் அதற்குப் பிறகு வரவில்லை. வேறொரு கோயிலிலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கக்கூடும். மகனுடைய ஏஜென்சிக் காசு, கல்யாணச் சங்கிலி, "நீங்களே சோதிச்சுப் பாருங்கோ" என்று இதே கதையோடு யாராவது உங்களிடம் வந்தால் சங்கிலியைக் கையில் வாங்காதீர்கள், அந்த இடத்தில் இருக்கிற மற்றப் பெண்களுக்கும் உடனே சொல்லுங்கள்.