பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு: டியூக் வளாகமா, யேல் ஆன்லைனா?

மருத்துவருடன் இணைந்து நோயாளிகளைப் பரிசோதித்து சிகிச்சை தருபவர்தான் பிசிஷியன் அசிஸ்டென்ட். அமெரிக்காவில் அந்த வேலைக்கு வர, ஏஆர்சி-பிஏ என்ற அங்கீகார அமைப்பு ஏற்ற படிப்பை முடித்து, 300 கேள்விகள் கொண்ட பேன்ஸ் என்ற தேசியச் சான்றிதழ் தேர்வில் தேற வேண்டும். வளாகத்தில் படித்தாலும், ஆன்லைன் பாடமும் நேரடிப் பயிற்சியும் கலந்த ஹைப்ரிட் முறையில் படித்தாலும் தேர்வு ஒன்றுதான். எனவே ஆன்லைனில் படித்தால் மதிப்பு இருக்குமா என்ற கவலை வேண்டாம். சென்னையில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் முடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து பேன்ஸ் எழுத முடியாது.

இந்தத் தொழிலே டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-ல் பிறந்ததுதான். கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களை வைத்துத் தொடங்கினார்கள். படிப்பு 24 மாதம்: முதலாண்டு வகுப்பு, இரண்டாமாண்டு மருத்துவமனை. அதற்கு டியூக் வளாகம் இருக்கும் டர்ஹாம் நகருக்குக் குடிபெயர வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் படிப்பு ஹைப்ரிட் வகை; 2018-ல் தொடங்கியது, 28 மாதம். பாடங்கள் வீட்டிலிருந்தபடியே நேரலையில் நடக்கும். நேரடிப் பயிற்சிக்கு இடையிடையே யேல் வளாகம் இருக்கும் நியூ ஹேவன் நகருக்குப் போய்வர வேண்டும்.

கைப்பழக்கத்தில் வளாகத்துக்குத்தான் என் ஓட்டு. இதய முணுமுணுப்பைக் கேட்கும்போது, ஸ்டெதாஸ்கோப்பை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்துத் திருத்த ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். தையல் போடுவதும் அப்படித்தான், வாராவாரம் செய்து பார்க்கலாம். ஹைப்ரிடில் இதெல்லாம் வளாகத்துக்குப் போகும் சில நாட்களுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் துறை துறையாக மாறிப் பயிற்சி பெறும் மருத்துவமனைச் சுழற்சி என்று வந்தால் ஹைப்ரிடின் பலம் தெரியும். குடும்ப மருத்துவம், அறுவை சிகிச்சை, அவசர சிகிச்சை, மனநலம் எல்லாவற்றையும் முடிந்தவரை நீங்கள் வசிக்கும் பகுதியிலேயே ஏற்பாடு செய்ய முயல்வார்கள். அங்கே அறிமுகமாகும் மருத்துவர்களே நாளை வேலை தரலாம். குழந்தைகள், வயதான பெற்றோர் என்று ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். கல்லூரியை இப்போதுதான் முடித்து, தனியாளாக இருப்பவர் டியூக் போன்ற வளாகத்துக்கே போகலாம்.

கட்டணத்தில் ஆன்லைன் என்பதற்காகச் சலுகை எதிர்பார்க்காதீர்கள். மிச்சமாவது இடம்பெயரும் செலவுதான். இரண்டுமே முழுநேரப் படிப்பு என்பதால் வேலையோடு சேர்த்து ஓட்டுவது கடினம்.

விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டிய பேன்ஸ் தேர்ச்சி விவரத்தையும், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பதையும் பாருங்கள். அப்புறம், பயிற்சி இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று எந்தக் கல்லூரியாவது கட்டாயப்படுத்தினால் அங்கே சேர வேண்டாம். ஏஆர்சி-பிஏ விதிப்படி அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது.