திறந்த கனூவுக்கு எந்த பில்ஜ் பம்ப்? வாங்குவதும் பொருத்துவதும்

கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கி, நிலம்பூர் வழியாகக் கேரளத்தின் கோடஞ்சேரிக்குத் துடுப்போடு போகிறவர்கள் அதிகம் கொண்டுபோவது கயாக்தான். அது மேலே மூடியது, இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்கர்ட்டை மாட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே வராது. திறந்த கனூ அப்படியில்லை. ஆடி மாதத்தில் அங்கே ஓடும் சாலிப்புழா ஆற்றில் இரண்டு அலை விளிம்பைத் தாண்டி விழுந்தாலே அறுபது லிட்டர் உள்ளே வந்துவிடும். அறுபது லிட்டர் என்றால் அறுபது கிலோ, அதுவும் படகு சாயும் பக்கமெல்லாம் கூடவே ஓடுகிற எடை. அப்படியொரு படகை அடுத்த பாறைக்கு முன்னால் திருப்புவது பெரும்பாடு. வெட்டிய கேனால் இறைக்கலாம், ஆனால் இறைக்கிற நேரத்தில் துடுப்பு கையில் இருக்காது. தனியாகக் கனூ ஓட்டுகிறவருக்கு படகுக்குள் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் மின்சார பில்ஜ் பம்ப் தேவை என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பம்பில் நாங்கள் சிபாரிசு செய்வது ரூல் 1100 அல்லது அட்வுட் சுனாமி 1200. இரண்டும் 12 வோல்ட், இரண்டிலும் தண்ணீர் வெளியேறும் வாய் 1⅛ அங்குலம். பெயரில் இருக்கும் எண், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அமெரிக்க கேலன் என்பது. 1100 கேலன் என்றால் நிமிடத்துக்கு 69 லிட்டர். இது தண்ணீரை மேலே ஏற்றாமல், 13.6 வோல்ட் கொடுத்து அளந்த கணக்கு. கனூவில் அடித்தட்டிலிருந்து விளிம்புக்குக் கீழே வரை 40 சென்டிமீட்டராவது ஏற வேண்டும், ஹோஸ் ஒன்றிரண்டு இடத்தில் வளையும். ஆகவே கையில் கிடைப்பது நிமிடத்துக்கு 40, 45 லிட்டர்தான். அதுவே தாராளம்: ஒரு ரேப்பிட் (பாறைகளுக்கிடையே ஆறு வேகமாகப் பாயும் பகுதி) முடிந்து ஓரச் சுழலில் ஒதுங்கி, அடுத்ததைப் பார்த்து முடிவெடுப்பதற்குள் படகு காலியாகிவிடும். 500 கேலன் பம்ப் விலை குறைவு, எடையும் குறைவு, ஆனால் கனூவுக்குப் போதாது. 2000 கேலன் பம்ப் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், அதற்கேற்ற பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பாறையில் நடக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் பம்ப் வாங்காதீர்கள். கட்டிப்போட்ட படகுக்கு அது நல்ல பொருள். ஆற்றில் குதித்து ஓடும் கனூவில் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை சுவிட்ச் விழும், எழும், மறுபடி விழும். சில ரகங்கள் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சுழன்று தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும், நமக்கு அந்த இரண்டரை நிமிடமே அதிகம். கையால் போடுகிற சாதாரண சுவிட்ச்தான் சரி.

பேட்டரியில் எங்கள் சிபாரிசு: நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. எடை ஒரு கிலோவுக்குள் அடங்கும். யுபிஎஸ்ஸில் போடும் 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இரண்டு கிலோவைத் தாண்டும், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பதுதான் அதன் பலம். பம்ப் சுமார் 4 ஆம்பியர் இழுத்தால் 6 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு ரேப்பிட்டுக்கும் மூன்று நிமிடம் ஓடினாலும் முப்பது ரேப்பிட் வரும். லித்தியத்தில் ஒரு எச்சரிக்கை. லெட் ஆசிட் தீரும்போது மோட்டார் சத்தம் இறங்கி நமக்குத் தெரிவிக்கும். பாஸ்பேட் கடைசிவரை ஒரே சத்தத்தில் ஓடிவிட்டு, உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) துண்டித்ததும் சட்டென்று நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் முழு சார்ஜோடு போக வேண்டும். சார்ஜர் 14.6 வோல்ட், பாஸ்பேட்டுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். மூன்று செல் சாதாரண லித்தியம் அயான் பேக் 11.1 வோல்ட்தான், அதில் பம்ப் சோர்ந்து ஓடும்.

இனி பொருத்துவது. ரேப்பிட்டுக்கான கனூவின் இரு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும், அதனால் தண்ணீர் நடுவில்தான் தேங்கும். பம்பின் இடமும் அதுதான்: முட்டி போட்டு உட்காரும் ஃபோம் பீடத்துக்குப் பின்புறம், ஃபோமில் பம்ப் அளவுக்குப் பள்ளம் வெட்டி, இறுக்கமாக நுழைய வேண்டும். அடித்தட்டில் திருகு போடாதீர்கள். பாலிஎத்திலீன் உடலில் பசையும் ஒட்டாது. ராயலெக்ஸ் (அடுக்கு பிளாஸ்டிக்) படகாக இருந்தால் வினைல் பசை பிடிக்கும், ஆனால் ராயலெக்ஸ் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது, அந்த உடலில் துளை போட மனம் வராது. ஃபோம் பிடியே போதும். பம்பின் அடியில் இருக்கும் ஜாலியை (வடிகட்டி) கழற்றிச் சுத்தம் செய்யக் கை நுழையும் இடம் மட்டும் விடுங்கள்.

ஹோஸ் உள்பக்கம் வழுவழுப்பானதாக இருக்க வேண்டும். வாஷிங் மெஷினுக்குப் போடும் மடிப்பு ஹோஸ் வளைக்கச் சுலபம், ஆனால் உள்ளே இருக்கும் மடிப்புகள் ஓட்டத்தைக் கெடுக்கும். பம்பிலிருந்து விளிம்பு வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் தொங்கக் கூடாது. தொங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தங்கி, பம்புக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். மோட்டார் சுழலும், ஒரு சொட்டு வெளியே வராது. பம்ப் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் இதே காற்றடைப்பை உண்டாக்கும், வேண்டாம். வெளியேறும் வாயை விளிம்புப் பட்டைக்கு ஒட்டிக் கீழே வையுங்கள். கிளாம்ப்பின் திருகுத் தலை, படகு மிதக்க உள்ளே கட்டும் காற்றுப்பையை உரசிக் கிழிக்கும், அதன்மேல் டேப் சுற்றுங்கள்.

வயரிங்கில்தான் பெரும்பாலான பம்புகள் சாகின்றன, மோட்டாரில் அல்ல. பம்பிலிருந்து வரும் பழுப்பு வயர் பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கிச் சுழன்று கொஞ்சமாகத் தண்ணீர் வரும், அதனாலேயே தவறு தெரியாமல் போகும். நீட்டிக்க 1.5 சதுர மில்லிமீட்டர் ஃப்ளெக்சிபிள் வயர். இரண்டு மீட்டர் தூரத்துக்கு இதில் இழப்பு 0.2 வோல்ட், 0.5 வயரில் கிட்டத்தட்ட 0.6 வோல்ட் போய்விடும். கவனிக்க வேண்டியது பம்பிலிருந்து வரும் வயரும் நம் வயரும் சேருகிற இடம். இன்சுலேஷன் டேப் சுற்றியதை ஒரு பருவம் கழித்துப் பிரித்துப் பாருங்கள்: பசை கூழாகி வழிந்திருக்கும், செம்பு இழை பச்சை பூத்து, தொட்டால் உதிரும். அதோடு நிற்காது. தண்ணீர் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஊர்ந்து மோட்டாருக்குள் போகும். ஆகவே கிரிம்ப் (இழைகளை நசுக்கிப் பிடிக்கும் உலோகக் குழல்) போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சுருக்கி, இரு முனையிலும் பசை பிதுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த இணைப்பை பீடத்தின் மேல்பாதியில் கட்டுங்கள். ஈயப்பற்று மட்டும் போட்டால், பற்று முடியும் இடத்தில் வயர் விறைத்து அதிர்வில் ஒடியும்.

பேட்டரி, தண்ணீர் புகாத ஐபி67 டப்பாவுக்குள், ஃபியூஸும் அதனுள்ளேயே, பாசிட்டிவ் முனையை ஒட்டி. அளவு பம்பின் லேபிளில் போட்டிருக்கும், அதைக் கூட்டாதீர்கள். வயர் வெளியே வர கேபிள் கிளாண்ட். சுவிட்ச் ரப்பர் தொப்பி போட்டது, டப்பாவின் மூடியிலேயே, முட்டி போட்டபடி கை எட்டும் இடத்தில். லெட் ஆசிட் என்றால் சார்ஜ் போடும்போது மூடியைத் திறந்து வையுங்கள், ஹைட்ரஜன் வெளியே போக வேண்டும். எந்த வயரும் காலில் மாட்டும்படி தொங்கக் கூடாது. படகு கவிழ்ந்தால் அதுதான் முதல் ஆபத்து.

இந்தப் பக்கத்து ஆறுகளுக்கென்று ஒரு தொல்லை உண்டு. சாலிப்புழா, இருவஞ்சிப்புழா இரண்டின் கரையிலும் ரப்பரும் பாக்கும் தென்னையும். மழைத் தண்ணீரில் ரப்பர் இலைக்காம்பு, பாக்குநார், தேங்காய்நார் எல்லாம் சேர்ந்து வரும். இலையை ஜாலி தடுத்துவிடும். நார் நீளவாக்கில் நுழைந்து இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளும் சுழல் விசிறி) தண்டில் நூல்போலச் சுற்றிக்கொள்ளும், மோட்டார் முனகும், ஃபியூஸ் போகும். பம்பைச் சுற்றி வெங்காய மூட்டையின் வலையை இரண்டு மடிப்பாகத் தளர்வாகக் கட்டினால் நார் வெளியிலேயே நிற்கும். கொசுவலை வேண்டாம், சேற்றில் அடைத்துக்கொள்ளும். இரண்டு உபரி ஃபியூஸ் டப்பாவுக்குள் இருக்கட்டும்.

ஆற்றுக்குப் போகுமுன் வீட்டிலேயே சோதியுங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, பம்பை அதில் இறக்கி, ஹோஸ் முனையைப் படகில் இருக்கும் உயரத்துக்குப் பிடித்து ஓட விடுங்கள். அரை நிமிடத்துக்குள் காலியாக வேண்டும். முக்கால் நிமிடம் ஆனால் முதலில் ஹோஸின் வளைவைப் பாருங்கள், அடுத்து பம்ப் ஓடும்போதே அதன் வயரில் மீட்டர் வைத்து வோல்ட்டைப் பாருங்கள். 12-க்குக் கீழே காட்டினால் குறை இணைப்பில் அல்லது பேட்டரியில். வோல்ட்டும் வளைவும் சரியாக இருந்தால் மட்டும் பம்பைச் சந்தேகப்படுங்கள். வாளி காலியானதும் உடனே நிறுத்துங்கள், வெறுமனே ஓடினால் சீல் தேயும்.

மழைக்காலம் முடிந்ததும் ஜாலியைக் கழற்றி இம்பெல்லரைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்து, நிழலில் உலர்த்துங்கள். லித்தியத்தைப் பாதி சார்ஜில் வையுங்கள், லெட் ஆசிட்டை முழு சார்ஜில் வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.