அணி பிடித்த இடமா, வீரர் ஆடிய ஆட்டமா?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 'மிகுமதிப்பு வீரர்' விருதை வாக்களித்து முடிவு செய்பவர்கள் பேஸ்பால் எழுத்தாளர்கள். மதிப்பு என்பதற்குத் திட்டவட்டமான வரையறை இல்லை என்று அவர்களுக்கு அனுப்பப்படும் வாக்குச்சீட்டே ஒப்புக்கொள்கிறது. அதனால் இரண்டு வழிகள் உருவாகிவிட்டன: பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றுக்குச் சென்ற அணியின் தூணுக்கு விருதைக் கொடுப்பது ஒன்று, அணி எங்கே முடித்தாலும் மட்டை, ஓட்டம், களத்தடுப்பு அனைத்தையும் சேர்த்துப் பார்த்து அதிகம் பங்களித்தவருக்குக் கொடுப்பது மற்றொன்று. முதல் வழியையே நம்பிவந்த நான், மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 2012 விருதுக்கு நடந்த போட்டிக்குப் பிறகு இரண்டாவதற்கு மாறினேன்.

அந்த ஆண்டு டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மிகெல் கப்ரேரா .330 மட்டைச் சராசரி, 44 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது), தன் மட்டையால் அணிக்கு ஈட்டித்தந்த 139 ரன் என்று மூன்றிலும் லீகில் முதலிடம் பிடித்தார். 1967க்குப் பிறகு எவரும் செய்யாத சாதனை அது. ஏஞ்சல்ஸ் அணியின் மைக் டிரவுட் .326 சராசரியுடன் 30 ஹோம் ரன் அடித்ததோடு, பந்து அடிபடாதபோதே ஓடி 49 முறை அடுத்த பேஸைத் 'திருடி', களத்தடுப்பில் சென்டர் ஃபீல்டிலும் மிகச் சிறப்பாக ஆடினார். முதலிட வாக்குகள் 28இல் 22 கப்ரேராவுக்குப் போயின. அவருடைய அணி பிளே ஆஃபுக்குச் சென்றது என்பதும் அவருக்காக அன்று முன்வைக்கப்பட்ட முக்கிய வாதம். நானும் அதையே சொன்னேன்.

பிறகு வெற்றிப் பட்டியலைப் பார்த்தபோதுதான் அந்த வாதம் ஆட்டம் கண்டது. டைகர்ஸ் வென்றவை 88 ஆட்டங்கள். ஏஞ்சல்ஸ் வென்றவை 89. லீகின் அணிகள் டிவிஷன் எனும் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன; டிவிஷனில் முதலிடம் பிடித்தால் பிளே ஆஃப் உறுதி. டைகர்ஸ் இருந்த மத்திய டிவிஷனில் 88 வெற்றி முதலிடத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஏஞ்சல்ஸ் இருந்த மேற்கு டிவிஷனில் ஓக்லண்ட் 94, டெக்சஸ் 93 என்று குவித்ததால் 89 வெற்றி மூன்றாம் இடத்தில் நின்றது. தன் அணி எந்த டிவிஷனில் இருக்கிறது என்பதையோ, அங்குள்ள மற்ற அணிகள் எத்தனை ஆட்டம் வெல்கின்றன என்பதையோ எந்த வீரரும் தீர்மானிப்பதில்லை. அப்படியிருக்க, அதை அவருடைய மதிப்பின் அளவுகோலாக்குவது எப்படி நியாயமாகும்? விருது பெறுபவர் பிளே ஆஃப் அணியைச் சேர்ந்தவராக இருக்கத் தேவையில்லை என்று வாக்குச்சீட்டும் தெளிவாகவே சொல்கிறது. கடைசி இடத்தில் முடித்த சிகாகோ கப்ஸின் ஆண்ட்ரே டாசன் 1987இலேயே இவ்விருதைப் பெற்றிருக்கிறார்; 74 ஆட்டங்களே வென்ற ஏஞ்சல்ஸில் இருந்தபடி டிரவுட்டும் 2016இல் பெற்றார்.

என் வழியிலும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு சாதாரண மாற்று வீரரைவிட ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டும் 'வார்' (WAR) கணக்கில் டிரவுட் 10ஐத் தாண்டினார், கப்ரேரா 7ஐ ஒட்டி நின்றார். ஆனால் அதன் களத்தடுப்புப் பகுதி ஒரே பருவத்தை மட்டும் வைத்துப் பார்க்கையில் மட்டைக் கணக்கு அளவுக்கு உறுதியானதன்று. ஓய்வறையில் ஒரு வீரர் சக வீரர்களுக்கு எவ்வளவு துணையாக இருந்தார் என்பதையும், ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்க்கும் என்னால் மதிப்பிட முடியாது. ஆகவே அந்த எண்ணில் ஒரு புள்ளிக்குள் இருவர் நெருங்கி நிற்கும்போது மட்டும் அணியின் நிலையைக் கருதலாம் என்பேன். 2012இல் இருந்த இடைவெளி அத்தகையதன்று.