மேல்மாடி பாத்ரூமுக்கு பிரஷர் பம்ப்: சில வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

தொட்டி தலைக்கு நேர் மேலே இருக்கிற பாத்ரூமில்தான் தண்ணீர் ரொம்ப மெதுவாக வரும். எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் குழாயைத் திறந்தால் பக்கெட் சட்டென்று நிறையும், முதல் மாடியில் ஷவர் நூல் நூலாக ஒழுகும். உயரம்தான் காரணம். தண்ணீர் மட்டம் 10 மீட்டர் மேலே இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் தொட்டியின் அடிக்கும் ஷவருக்கும் இடையே ஐந்தடிதான். கணக்குப் போட்டால் 0.15 பார். இதில் ரெயின் ஷவர் மாட்டி என்ன பயன்?

"பம்ப் வெச்சிடலாம் சார்" என்றார் பிளம்பர். முதலில் லைனைப் பார்ப்போம் என்றேன். தாம்பரம் பக்கத்து போர் தண்ணீர், உப்பு அதிகம். ஷவரில் பாதித் துளைகள் வெள்ளையாக அடைத்திருந்தன. ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்ததில் அவை திறந்தன. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அறுத்தபோதுதான் நிலைமை புரிந்தது. முக்கால் இஞ்ச் பைப்பின் உள்ளே துருவும் உப்பும் ஏறி, சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

தொட்டியிலிருந்து பாத்ரூம் வரை ஒரு இஞ்ச் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டோம், குழாய்க்குப் பிரியும் இடத்தில் மட்டும் அரை இஞ்ச். விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் போகும் வழி நான்கு மடங்காகும். தேய்ந்துபோன கேட் வால்வுக்குப் பதில் உள்ளே உருண்டை திரும்பி மூடுகிற பால் (ball) வால்வு, அதை ஒட்டி தொட்டியைவிட உயரமாக ஒரு ஏர் பைப். தொட்டி காலியாகி நிரம்பும்போதெல்லாம் பைப்பில் காற்று அடைத்துக்கொள்கிற ஏர் லாக் தொல்லை அதோடு போயிற்று. ஷவரில் 10 லிட்டர் பக்கெட் நிறைய மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆனது, இரண்டு நிமிஷமாகக் குறைந்தது. பக்கெட்டில் குளிப்பவர்களுக்கு இதுவே போதும், பம்ப் செலவு தேவையில்லை.

எங்களுக்கு ஷவர் வேண்டியிருந்ததால் அப்புறம் பம்பும் வைத்தோம். குழாயைத் திறந்தால் தானாக ஓடி, மூடினால் நிற்கிற ஃப்ளோ சுவிட்ச் வகை. இப்போது அதே பக்கெட் ஒரு நிமிஷத்தில் நிறைகிறது, தலையில் ஷாம்பு நுரை நிற்பதில்லை. அந்த சுகத்தில் எனக்கு இன்றுவரை குறையே இல்லை.

தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோ சுவிட்சுக்குள் இருக்கிற சின்ன காந்தத் துண்டில் மண்ணும் உப்பும் ஒட்டினால், குழாயை மூடிய பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். பம்புக்கு முன்னால் ஒரு வலை ஃபில்டர் போட்டதும் இது வெகுவாகக் குறைந்தது. மொட்டை மாடி வெயிலுக்குக் கூரை வேண்டும், அடியில் ரப்பர் ஷீட் இல்லையென்றால் கீழ் அறைவரை உறுமல் கேட்கும். கரண்ட் போனால் தண்ணீர் நிற்காமலிருக்க என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு) வைத்து, பம்பைச் சுற்றிப் போகிற பைபாஸ் லைன் கட்டாயம்.

முக்கியமான ஒன்று கீசர். அதற்குப் போகிற லைனும் பம்புக்குப் பிறகே பிரிய வேண்டும். பச்சைத் தண்ணீருக்கு மட்டும் பிரஷர் கொடுத்தால், மிக்ஸரில் அது வெந்நீரை வரவிடாமல் தள்ளிவிடும். கீசர் எத்தனை பார் தாங்கும் என்று அதன் லேபிளில் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டாய்லெட் கைஷவரான ஹெல்த் ஃபாசெட்டின் ஆங்கிள் காக்கை (சுவரில் இருக்கிற அதன் வால்வை) வேலை முடிந்ததும் மூடுகிறோம். திறந்தே விட்டால் அந்த ஹோஸ் எந்நேரமும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும், ஒருநாள் வெடித்தால் தொட்டியே காலியாகிவிடும்.

தெருக் குழாய் இணைப்பில் நேரடியாகப் பம்ப் வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது சட்டப்படி தவறு, அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் போகாது. தெருவில் பைப் எங்காவது விரிசல் விட்டிருந்தால் சாக்கடையையும் சேர்த்து இழுத்துவிடும். தெருத் தண்ணீரைச் சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) விட்டு, மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து மட்டும் பம்ப் எடுக்கட்டும்.